கடிக்கும் இடம் அறிந்த வண்டு

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது ஏரிகளிலும் கால்வாய்களிலும் மண்டிய ஆகாயத்தாமரையைப் பொக்லைன் கொண்டு வாரிக் கரையில் குவிப்பதும், மழை ஓய்ந்த சில வாரங்களில் அதே நீர்ப்பரப்பு மீண்டும் பச்சையாக மூடிக்கொள்வதும் தமிழ்நாட்டு நகரங்களில் ஆண்டுதோறும் நடக்கின்றன. இத்தனை பணத்தைக் கொட்டுவதற்குப் பதிலாக இந்தச் செடியைத் தின்னும் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தே எழுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பேதூல் மாவட்டத்தில், சார்ணி அனல்மின் நிலையத்துக்கு நீர் தரும் சத்புரா நீர்த்தேக்கத்தைச் சால்வீனியா என்னும் நீர்க்களை மூடியபோது, ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டை அங்கே விட்டதும், களை பின்வாங்கியதும் அண்மை ஆண்டுகளில் செய்தியாக வந்தன. அத்தகைய செய்தி வரும்போதெல்லாம், அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்ற கேள்வியில் குற்றச்சாட்டின் சாயலும் ஏறிவிடுகிறது.

சால்வீனியாவை அந்தக் கூன்வண்டு வென்றது உண்மை. வெளியிலிருந்து வந்து உள்ளூர் நீர்நிலைகளை மூடிய களைகளுக்கு எதிராகக் கிடைத்த மிகச் சில தெளிவான வெற்றிகளில் அதுவும் ஒன்று. ஆனால் வெற்றிச் செய்திகளில் வழக்கமாக விடுபட்டுப்போவது அதன் காரணம். அந்த வண்டு நிறையத் தின்பதால் வெல்லவில்லை. செடியின் எந்த இடத்தைக் கடிக்கிறது, கடிபடும் செடியில் தழைச்சத்து எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டினால்தான் வெல்கிறது. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் ஆகாயத்தாமரையைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

வேரில்லாத, விதையில்லாத செடி

சால்வீனியா மொலெஸ்டாவின் தாயகம் தென்கிழக்குப் பிரேசில். நீர்மட்டத்தில் கிடையாக ஓடும் தண்டையுடைய மிதவைப் பெரணி இது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் தோன்றுகின்றன. இரண்டு பச்சையாக மிதக்க, மூன்றாவது நூல் நூலாகப் பிரிந்து பழுப்பு நிறத்தில் நீருக்குள் தொங்கி, பார்ப்பவரை வேர் என்றே நம்பவைக்கிறது. உண்மையில் வேர் என்று ஓர் உறுப்பே இச்செடிக்கு இல்லை. நீரில் கரைந்துள்ள சத்துகளை உறிஞ்சும் வேலையை அந்த மூன்றாம் இலையே பார்த்துக்கொள்கிறது. மிதக்கும் இலைகளின் மேற்பரப்பில் நெருக்கமாக நிற்கும் மயிர்கள் ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து நுனியில் மீண்டும் ஒன்றுகூடுவதால் அவற்றுக்கிடையே காற்று அடைபடுகிறது. இலையை நீருக்குள் அழுத்தினாலும் நனையாமல் மேலே வந்துவிடுகிறது. இந்த மயிர்களைப் பார்த்துக் கப்பலின் அடிப்பாகத்துக்குக் காற்றுப் போர்வை செய்துவிடலாம் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பேசப்படுகிறது; கப்பல்கள் நனைந்துகொண்டேதான் ஓடுகின்றன. களைக்கொல்லி தெளிப்பவர்களுக்கோ இந்த மயிர்களின் வேலை நன்றாகத் தெரியும்: ஒட்டும் திரவம் சேர்க்காத மருந்து இலையில் தங்காமல் உருண்டு விழுந்துவிடும்.

இச்செடியின் உயிரணுக்களில், ஒன்பது குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் ஐந்து, ஆக மொத்தம் 45 குரோமோசோம்கள் உள்ளன. இவ்வாறு ஐந்து தொகுதிகள் இருக்கும் நிலை ஐம்மடியம் எனப்படும். ஸ்போர்கள் உருவாகும் குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும். ஐந்து தொகுதிகள் இருக்கும்போது ஒன்றுக்கு எப்போதும் இணை கிடைப்பதில்லை. ஆகவே ஸ்போர்ப்பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கினாலும் அவற்றுள் முளைக்கத்தக்கது எதுவும் இருப்பதில்லை. தண்டு ஒடிந்து, ஒடிந்த துண்டு தனிச் செடியாவது ஒன்றே இதன் பெருக்கம் என்பதால், ஆஸ்திரேலியாவில் மிதப்பதும் கேரளத்தின் குட்டநாட்டில் மிதப்பதும் மரபியல் நோக்கில் பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள் என்றே கொள்ளலாம்.

வெப்பமும் சத்தும் வாய்த்தால் இரண்டு மூன்று நாள்களிலேயே சால்வீனியாவின் எடை இரட்டிப்பாகும் என்பது அளந்து கண்ட உண்மை. அந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு செடி மூன்று மாதங்களில் 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும் என்ற கணக்கு நூல்களிலும் இதழ்களிலும் நீண்டகாலமாகச் சுற்றிவருகிறது. எல்லா நாளும் கோடை, எல்லா இடமும் வெற்றிடம், எவ்வளவு உறிஞ்சினாலும் நீரில் சத்துக்குக் குறைவில்லை என்று கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். குளிர்காலத்தில் அதே செடி இரட்டிப்பாக வாரக்கணக்கில் ஆகும். நெருக்கம் கூடினால் வளர்ச்சி தானாகவே தளரும். நடந்ததைச் சொன்னாலே போதும், மிகைப்படுத்த வேண்டியதில்லை: சாம்பேசி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கரிபா அணையில் 1958 டிசம்பரில் நீர் தேங்கத் தொடங்கியது, 1962இல் அந்த ஏரியின் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, சால்வீனியாவால் மூடப்பட்டிருந்தது. அதன் பிறகு, மூழ்கிய காடும் மண்ணும் விடுத்த சத்து தீரத் தீரக் களையும் சுருங்கியது. அங்கே விடப்பட்ட பூச்சிகளின் பங்கு எவ்வளவு, சத்துக் குறைவின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் தீராத வழக்கு.

மூடிக்கிடக்கும் நீருக்குள்

செடிகள் இடைவெளிவிட்டு மிதக்கும் முதற்கட்டத்தில் இலைகள் சிறியனவாக, நீரோடு ஒட்டிக் கிடக்கும். நெருக்கம் கூடக் கூட அவை பெரிதாகி, நடுவில் மடிந்து, நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில இடங்களில் ஒரு மீட்டர் வரை தடித்த மிதவையாகும். அதன்மேல் புல்லும் கோரையும்கூட வேர்விடும். கீழே உள்ள நீருக்கு வெளிச்சம் போவதில்லை. நீருக்குள்ளேயே வாழும் உள்ளூர்ச் செடிகள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் மடிகின்றன. அல்லியின் இளம் இலைகள் மிதவையைத் துளைத்து மேலே வர இயலுவதில்லை. ஒளிச்சேர்க்கையிலிருந்து ஆக்சிஜன் இல்லை, காற்று அலையடித்துக் கலக்கும் ஆக்சிஜனும் இல்லை. மேலிருந்து ஓயாமல் உதிர்ந்து அழுகும் தழையோ, இருக்கும் ஆக்சிஜனையும் செலவழித்துவிடுகிறது. அத்தகைய நீரில், காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல விரால், தேளி, பனையேறிக்கெண்டை போன்ற சில மீன்களே தாக்குப்பிடிக்க முடியும். மூழ்கி இரைதேடும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இறங்குவதற்குத் திறந்த நீரே இல்லாமல் வேறிடம் தேடிப் போகின்றன.

இந்த அழிவுக்கு நடுவே கொழிப்பவையும் உண்டு. மான்சோனியா பேரினக் கொசுவின் புழுக்கள் மற்றக் கொசுப்புழுக்களைப் போல நீர்மட்டத்துக்கு வந்து சுவாசிப்பதில்லை. மிதக்கும் செடிகளின் நீருள் பாகங்களைத் துளைத்து, செடியின் திசுக்களில் உள்ள காற்றையே உறிஞ்சிக்கொள்கின்றன. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பிவந்தவை இந்தக் கொசுக்களே. மிதவைக் களை எதுவாயினும், அது உள்ளூர் மீனின் மூச்சை அடைத்து உள்ளூர்க் கொசுவுக்கு மூச்சுக்குழல் தந்துவிடுகிறது. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரிகளின் பட்டியலில் இருந்த கால்நடை வெக்கை நோயின் கிருமி உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டு இடம் காலியானபோது, அந்த இடத்துக்கு 2013இல் வல்லுநர்கள் தேர்ந்தெடுத்தது சால்வீனியாவையே.

இத்தகைய களைகளைக் காசாக்கலாம் என்ற யோசனை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது: உரமாக்கலாம், எரிவாயு எடுக்கலாம், கூடை முடையலாம் என்று. செடியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். இருபது டன்னை வாரி, ஏற்றி, இறக்கி, உலர்த்தினால் கிடைப்பது ஒரு டன் தழை. மீதிப் பத்தொன்பது டன்னுக்கும் செலவழித்த டீசல், தண்ணீரைக் கரையேற்றச் செலவழித்ததே. சிறு குளத்தில் சில குடும்பங்களுக்கு இது பயன்படலாம். ஏரியைக் காப்பாற்றும் வழியாக இதை முன்வைப்பவர்கள் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆள்மாறாட்டத்தில் கழிந்த இருபது ஆண்டுகள்

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது பெரிதும் ஆள்மாறாட்டத்தின் வரலாறு. தாயகத்துக்கு வெளியே இச்செடி முதலில் வேரூன்றியது இலங்கையில்; தாவரவியல் ஆய்வுக்கென 1939இல் கொழும்புக்கு வந்தது, தப்பி, பதினைந்து ஆண்டுகளுக்குள் வயல்களையும் வாய்க்கால்களையும் பிடித்துக்கொண்டது. 1950களில் கேரளத்தில் தென்பட்டு, பிரேசிலில் பிறந்த செடியாயினும் ஆப்பிரிக்கன் பாயல் என்ற பெயரில் பரவியது. அக்காலம் முழுவதும் இதைச் சால்வீனியா ஆரிகுலேட்டா என்ற வேறோர் இனமாகவே அறிவியலாளர் கருதினர். ஆகவே 1960களின் தொடக்கத்தில் இயற்கை எதிரிகளைத் தேடிப் போனவர்கள் அந்த வேறோர் இனம் வளரும் டிரினிடாட் முதலிய இடங்களுக்குப் போய், அதைத் தின்னும் ஒரு கூன்வண்டையும் ஒரு வெட்டுக்கிளியையும் ஓர் அந்துப்பூச்சியையும் கொண்டுவந்து பல நாடுகளில் விட்டனர். எங்கும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 1972இல் டேவிட் மிட்செல் இதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார். 1978இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோவும் கென் ஹார்லியும் பிரேசிலில் இதன் உண்மையான தாயகத்தைக் கண்டனர். அங்கிருந்து எடுத்த கூன்வண்டு 1980இல் குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா நகருக்கு அருகிலுள்ள மூண்டாரா ஏரியில் விடப்பட்டது; ஏறத்தாழ 14 மாதங்களில், 200 ஹெக்டேரில் கிடந்த 18,000 டன் களை அழிந்தது. ஆப்பிரிக்காவில் தோற்ற அதே வண்டு இங்கே மட்டும் எப்படி வென்றது என்று குழம்பி ஆராய்ந்த பிறகே, இது அந்த வண்டு அன்று, அதுவரை பெயரிடப்படாத இன்னோர் இனம் என்று தெரியவந்தது. 1985இல் அதற்குச் சைர்டோபேகஸ் சால்வீனியே என்று பெயர் சூட்டப்பட்டது. வெற்றி முதலில் வந்து, வென்றவரின் பெயர் பின்னால் வந்த கதை இது. திட்டமிட்ட அறிவியலின் சாதனை என்று இதை முழுதாகக் கொண்டாடுவது சற்று மிகை.

மொட்டும் தண்டும்

பழைய வண்டும் புதிய வண்டும் உருவத்தில் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் சால்வீனியாவையே தின்கின்றன. வேறுபாடு பந்தயத்தையே மாற்றும் ஒரு சிறு பழக்கத்தில் இருக்கிறது. பழைய இனத்தின் வண்டு பெரும்பாலும் இலையைக் கடிக்கிறது. அதன் புழுவும் செடிக்கு வெளியே இருந்தபடியே தின்கிறது. புதிய இனத்தின் வண்டுக்கு இலையைவிட மொட்டில்தான் விருப்பம். அதன் புழுவோ தண்டுக்குள் நுழைந்து குடைந்துகொண்டே போகிறது.

இந்த வேறுபாட்டின் பொருளை உணர, சால்வீனியாவின் கணுவை மீண்டும் நோக்க வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு மட்டும் இல்லை. பல மொட்டுகள் வரிசையாக உறங்குகின்றன. நுனி மொட்டு அழிந்தால் அடுத்த மொட்டு விழிக்கும். அது அழிந்தால் அதற்கடுத்தது. விதையில்லாத இச்செடியின் எதிர்காலம் முழுவதும் இந்த மொட்டுகளில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இலையைத் தின்னும் பூச்சி இந்தச் சேமிப்பைத் தொடுவதே இல்லை. நெருக்கத்தைக் குறைத்து, வெளிச்சத்துக்கு வழிவிட்டு, சில வேளைகளில் செடியின் வளர்ச்சிக்கு உதவியும் செய்துவிடுகிறது. மொட்டைக் கடிக்கும் வண்டோ சேமிப்பைக் கரைக்கிறது. அது மட்டுமாயின் செடி அடுத்தடுத்த மொட்டுகளைத் திறந்து ஈடுகட்டிவிடலாம். ஆனால் அதே நேரத்தில் புழு தண்டைக் குடைவதால் அந்த மொட்டுகளுக்குச் சத்தைக் கொண்டுபோகும் பாதையும் அறுந்துபோகிறது. குடையப்பட்ட தண்டில் நீர் புகுந்து, திசு அழுகி, மிதவை பழுப்பாகி, கனத்து, மூழ்கத் தொடங்குகிறது. வளர்ந்த வண்டு தன் உடலின் அடியில் காற்றுப்படலம் ஒன்றைத் தேக்கிக்கொண்டு இலைகளுக்கு அடியில் வாழ்வதால், நீருக்கு மிக அருகில் நடக்கும் இந்த வேலை அதற்குத் தடையாவதில்லை.

பந்தியில் இல்லாத பருப்பு

இத்தனை பொருத்தமான வண்டும் பப்புவா நியூகினியில் முதலில் தோற்றது. அந்நாட்டின் செபிக் ஆற்றையும் அதன் வெள்ளச் சமவெளி ஏரிகளையும் 1970களின் தொடக்கத்தில் அடைந்த சால்வீனியா, தன் உச்சத்தில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரை மூடியிருந்தது. சாலைகள் இல்லாத அந்தப் பகுதியில் ஓடமே போக்குவரத்து. மீன்பிடிப்பு, சவ்வரிசிப் பனையின் மாவைக் கொண்டுவருதல், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போதல் எல்லாம் நின்று, சில ஊர்களை மக்கள் கைவிட்டுப் போக நேர்ந்தது. 1982இல் அங்கே வண்டுகள் விடப்பட்டன, அவை பெருகவில்லை. செடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்க, அதையே உண்ணப் பிறந்த வண்டு அதன் நடுவே பட்டினி கிடந்தது. ஆய்வாளர்கள் பீட்டர் ரூம், பிலிப் தாமஸ் இருவரும் செடியைச் சோதித்தபோது காரணம் வெளிப்பட்டது: செபிக் ஏரிகளின் சால்வீனியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகக் குறைவு. ஒரு சிறு பரப்பில் அவர்கள் யூரியா இட்டனர். களையை ஒழிக்கப் போனவர்கள் களைக்கே உரமிட்ட அந்தச் செயலுக்குப் பிறகுதான் வண்டு பெருகத் தொடங்கியது.

கல்யாணப் பந்தி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இலை கொள்ளாத சோறு குவிந்திருக்கிறது. பருப்பு இல்லை, சாம்பார் இல்லை, மோரும் இல்லை. விருந்தினரின் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. பெண்வண்டு முட்டையிடப் புரதம் வேண்டும், புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். அது குறைந்த நீரில் வளர்ந்த சால்வீனியா, மாவுச்சத்தும் நாரும் மட்டுமே கொண்ட வெறுஞ்சோறு. ரூமும் தாமசும் யூரியா மூட்டையை அவிழ்த்தது பந்தியில் பருப்புச் சட்டியை இறக்கியதற்குச் சமம். வியப்புக்குரியது அதற்குப் பிறகு நடந்தது: சட்டி காலியான பிறகும் பந்தி நிற்கவில்லை. பரிமாறுபவரிடம் உள்ள பருப்பின் அளவு மாறாமல் இருக்க, இலைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வோர் இலைக்கும் விழும் பருப்பு கூடும் அல்லவா? வண்டு மொட்டுகளைக் கடித்ததும் செடியின் வளர்ச்சி தடைபடுகிறது. ஆனால் நீருக்குள் தொங்கும் மூன்றாம் இலை உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. முன்பு பல மொட்டுகளுக்குப் பிரிந்துபோன தழைச்சத்து இப்போது எஞ்சியுள்ள சில மொட்டுகளிலேயே திரள்கிறது. ஆகவே கடிபட்ட செடி கடிபடாத செடியைவிடச் சத்துள்ளதாகிறது. பருப்பின் மணம் பிடித்த விருந்தினர் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார, அவர்கள் இன்னும் சில இலைகளைக் காலிசெய்ய, எஞ்சிய இலைகளில் பருப்பு இன்னும் கெட்டியாக விழ, கடைசியில் அவர்கள் வாழையிலையைத் தின்று, பந்திப்பாயைத் தின்று, பந்தற்காலையும் குடைந்து, மண்டபத்தையே ஆற்றில் இறக்கிவிடுகின்றனர். உவமை இந்த இடத்தில் கிழிகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் செபிக் ஆற்றில் நடந்தது ஏறத்தாழ அதுதான்.

விளைவே தன் காரணத்தை மேலும் வலுப்படுத்தும் இத்தகைய அமைப்பை நேர்ப் பின்னூட்டம் என்பர். இதில் ஒரு நுழைவாயில் உண்டு. வண்டுகளின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இருக்கும்வரை செடி புது மொட்டுகளைத் திறந்து சேதத்தை மூடிவிடும், வண்டுகள் பெருகாமல் தேங்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் சேதம் சத்தைக் கூட்ட, சத்து வண்டைக் கூட்ட, வண்டு சேதத்தைக் கூட்டச் செடியால் மீள முடியாது. யூரியாவின் பணி முழுக் களைக்கும் உரமிடுவது அன்று. ஓர் இடத்தில் வண்டுகளை அந்த நுழைவாயில் தாண்டவைப்பது மட்டுமே. அங்கே பெருகிய வண்டுகளோடு கூடிய செடிகளை மற்ற ஏரிகளுக்கு எடுத்துச் சென்று போட்டபோது, செயல் தன்னாலேயே தொடர்ந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் செபிக்கின் 250 சதுர கிலோமீட்டர் களை ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அழிந்த தழையின் எடை ஏறத்தாழ 20 லட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டது. பத்து டன் லாரியில் ஏற்றியிருந்தால் இரண்டு லட்சம் நடை.

வண்டு விட்ட இடங்களில் மாதக்கணக்கில் எதுவும் நடக்காததுபோல் இருந்து, பிறகு திடீரென்று மிதவை முழுவதும் பழுப்பாவதன் காரணமும் இதுவே. அந்தத் திடீர்த்தன்மைதான் அதிசயம் என்ற சொல்லைச் செய்தியாளர்களின் பேனாவுக்குக் கொண்டுவருகிறது. அதற்கு முன்பு ஓசையின்றி ஏறிய கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. முற்றாக ஒழிந்தது என்ற சொல்லும் அவ்வாறே தவறானது. எஞ்சிய 2 சதுர கிலோமீட்டர் வெற்றியில் ஏற்பட்ட குறை அன்று, அதன் நிபந்தனை. செடி அறவே இல்லாத ஏரியில் வண்டும் பட்டினியால் மறையும், அடுத்த வெள்ளம் எங்கிருந்தோ ஒரு துண்டைக் கொண்டுவந்து சேர்க்கும்போது அதைத் தடுக்க எவரும் இருக்கமாட்டார். சிறிதளவு செடியும் சிறிதளவு வண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நிலைப்பதற்குப் பெயர்தான் உயிரியல் கட்டுப்பாடு.

கேரளமும் இலங்கையும்

இந்தியாவுக்கு இந்த வண்டு 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. நெல் உள்ளிட்ட பயிர்களை அது தொடுமா என்பது முதலில் அடைப்பிட ஆய்வில் சோதிக்கப்பட்டது. வெளிநாட்டு உயிரியால் வந்த கேட்டை இன்னொரு வெளிநாட்டு உயிரியால் தீர்க்க முனையும்போது இந்தச் சோதனை தவிர்க்க முடியாதது. பெங்களூரில் ஓர் அல்லிக்குளத்தில் விடப்பட்டபோது 11 மாதங்களில் களை அடங்கியது. பின்னர் கேரளத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாடு உள்ளிட்ட பகுதிகளில் வண்டு பரவி, சில ஆண்டுகளில் களையின் ஆதிக்கத்தை முறித்தது. சால்வீனியாவைக் கையால் அகற்ற ஹெக்டேருக்கு 235 ரூபாய் வரை செலவழித்துவந்த நெல் விவசாயிகளுக்கு அன்றைய கணக்கில் அது சிறிய மிச்சம் அன்று. குட்டநாட்டில் களைக்கு வாய்ப்பளித்தது மனிதர் செய்த இன்னொரு மாற்றமும்தான்: சால்வீனியா உப்புநீரைத் தாங்காது, கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் 1970களில் செயல்பாட்டுக்கு வந்த தடுப்பணை, ஆண்டுதோறும் இலவசமாக நடந்துவந்த உப்புச் சிகிச்சையையும் சேர்த்தே நிறுத்திவிட்டது.

இலங்கையில் 1986இல் வண்டு விடப்பட்டது. அங்கே நடந்த பொருளாதார ஆய்வு ஒன்று, செலவழித்த ஒரு பங்குக்குப் பணக்கணக்கில் 53 பங்கும், உழைப்பு நேரக் கணக்கில் 1,678 பங்கும் நன்மை கிடைத்ததாக 1989இல் மதிப்பிட்டது. ஆயிரத்தைத் தாண்டும் விகிதங்களை ஐயத்தோடு நோக்குவதே முறை; களை இருந்திருந்தால் எவ்வளவு இழப்பு நேர்ந்திருக்கும் என்ற ஊகத்தைச் சற்று மாற்றினாலும் அத்தகைய எண்கள் தாவிக் குதிக்கும். ஆனால் இந்த எண்களைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டாலும், களை அகற்றும் இயந்திரம் எதுவும் அருகில் வர முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகாயத்தாமரை ஏன் அடங்கவில்லை

ஆகாயத்தாமரைக்கும் வண்டு உண்டு. நியோகெட்டினா பேரினத்தைச் சேர்ந்த இரண்டு கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. பெங்களூரு ஏரிகளிலும் மணிப்பூரின் லோக்தக் ஏரியிலும் அவை விடப்பட்டன. வண்டை விடவில்லை என்பதால் ஆகாயத்தாமரை நிற்கவில்லை, விட்டும் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களின் இறுதியில் ஆகாயத்தாமரை பெருமளவு குறைந்தபோது, வண்டே காரணம் என்று ஒரு சாராரும், எல் நினோ கொண்டுவந்த மேகமூட்டமும் வெள்ளமுமே பெரிய காரணம் என்று இன்னொரு சாராரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர்.

வண்டு விட்டும் ஆகாயத்தாமரை அடங்காததற்கு முதல் காரணம் விதை. சால்வீனியாவுக்கு இல்லாத அது ஆகாயத்தாமரைக்கு உண்டு. சேற்றில் புதைந்த விதை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்க வல்லது. மேலே மிதப்பதை எல்லாம் வண்டு தின்றாலும் அடுத்த கோடையில் சேறு தெரிந்ததும் புதுச்செடி முளைக்கும். இரண்டாவது காரணம் தழைச்சத்து, ஆனால் செபிக் ஆற்றில் இருந்ததற்கு நேர்மாறாக. அங்கே பருப்பே இல்லாமல் வண்டு வாடியது; சாக்கடை விழும் நகரத்து ஏரியில் பருப்பு ஆறாக ஓடுகிறது. வண்டுக்கும் அது நல்லதே, ஆயினும் செடிக்கு அதைவிட நல்லது. நியோகெட்டினாவின் ஒரு தலைமுறை முட்டையிலிருந்து வண்டாக மாற இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். கழிவுநீரில் கொழுத்த ஆகாயத்தாமரையோ அதற்குள் பழைய இலைகளை உதிர்த்துப் புதிய இலைகளைப் பலமுறை விரித்துவிடும். தின்னும் வேகத்தைத் தழைக்கும் வேகம் மிஞ்சும் நீரில் நுழைவாயில் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் பொக்லைன். நியோகெட்டினாவின் புழு இலைக்காம்புக்குள்ளும் செடியின் குருத்துப் பகுதியிலும் குடைந்து வாழ்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மிதவையை மொத்தமாக வாரிக் கரையில் கொட்டும்போது, அரும்பாடுபட்டுப் பெருகிய புழுக்களும் வண்டுகளும் செடியோடு சேர்ந்தே காய்ந்து சாகின்றன. தப்பிய துண்டுகளும் சேற்று விதைகளும் வாரங்களில் ஏரியைப் பிடித்துக்கொள்கின்றன. வண்டு மட்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளத்துக்கு முன் கால்வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரியின் ஒரு மூலையில் வண்டு பிடித்த செடிகளை வேலியிட்டு விட்டுவைத்தால், வாரிய பிறகு முளைப்பதை அவை உடனே தேடிப் போக வாய்ப்பிருக்கும். வாரும் ஒப்பந்தமும் வண்டு விடும் திட்டமும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கும்வரை இரண்டுக்கும் செலவழிக்கும் பணம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

செபிக் ஆற்றிலும் கதை சால்வீனியாவோடு முடியவில்லை. அது விலகிய நீரில் பின்னர் ஆகாயத்தாமரை நுழைந்தது. கேரளத்தின் காயல்களிலும் இன்று ஆட்சிசெய்வது அதுவே. ஒரு குறிப்பிட்ட செடியைக் குறைக்கப் பழகிய வண்டு, நீரிலுள்ள தழைச்சத்தைக் குறைப்பதில்லை. செடி அழுகி மூழ்கும்போது அதில் பூட்டியிருந்த சத்தும் நீருக்கே திரும்புகிறது, அதை உறிஞ்ச அடுத்த மிதவைச் செடி வந்து சேர்கிறது. எனவே, இன்ன ஏரியில் இன்ன வண்டு விடப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது வண்டின் பெயரைவிட முதலில் தேட வேண்டியது, அந்த ஏரிக்குள் நாள்தோறும் எத்தனை லிட்டர் கழிவுநீர் விழுகிறது என்ற எண். பூச்சியியலாளரிடம் கேட்கப்படும் கேள்வியில் பாதி, உண்மையில் ஊரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொறுப்பேற்றவர்களிடம் கேட்கப்பட வேண்டியது.